தெற்குச் சன்னலும் வடக்குத் திண்ணையும்: பாலக்கோட்டு வீடு ஒன்றின் நாற்றங்கால்

அத்தையின் டிரங்குப் பெட்டிக்குள் ஒரு வெள்ளைத்துணி முடிச்சு இருந்தது. அவிழ்த்தால் சாம்பல் பூசிய கத்தரி விதை. முள்ளுக்கத்தரி. காம்பிலும் அதன் தொப்பியிலும் முள் இருக்கும், காய் உருண்டையாக ஊதாவில் வெள்ளை வரியோடு வரும். நிலம் கையில் இருந்தவரை தக்காளி வயலின் ஓரத்தில் அத்தை இதை வைத்துக்கொண்டே இருந்தார். நிலம் போனபின் விதை மட்டும் மிஞ்சியது. போன ஆண்டு ஆனியில் அந்த முடிச்சை என் கையில் கொடுத்தார். எண்ணினேன்: 62 விதை.

தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டில் இருந்துகொண்டு வீட்டில் நாற்று விட வேண்டுமா என்று எவரும் கேட்பார்கள். இது தக்காளிச் சந்தைக்குப் பேர்போன ஊர். ராயக்கோட்டைப் பக்கம் போனால் சாலையோரமே நாற்றுப் பண்ணைகள், 98 குழித் தட்டில் விரல் உயர நாற்று வரிசையாக நிற்கும். ஆனால் வீட்டுக்கு எனக்கு வேண்டியது தக்காளியில் பத்து, மிளகாயில் ஆறு. அதைவிட முக்கியம், அத்தையின் முள்ளுக்கத்தரி எந்தப் பண்ணையிலும் இல்லை. அந்த 62 விதையைத் தவறவிட்டால் அது எங்கள் குடும்பத்தோடு முடிந்தது. அதனால்தான் நடந்ததை நாள்வாரியாக ஒரு பழைய நோட்டில் எழுதி வைத்தேன். இந்தக் கட்டுரை அந்த நோட்டிலிருந்து எழுதியது.

முதல் முயற்சி: ஜூன் 22

எங்கள் வீடு வடக்கு வாசல் வீடு. முன்னால் திண்ணை, அதன்மேல் தளம் நீட்டிய நிழல். உள்ளே கூடத்தில் தெற்குப் பக்கம் நாலடி உயரச் சன்னல். விதையை வீட்டுக்குள் முளைக்க வைப்பவர்கள் எல்லோரும் தெற்குச் சன்னலே சிறந்தது என்று சொல்லக் கேட்டிருந்தேன். அந்தச் சன்னல் மேடையிலேயே நாற்றங்காலை அமைத்தேன்.

சாமான் எல்லாம் வீட்டிலிருந்தே எடுத்தது. முட்டை அட்டை இரண்டு, செய்தித்தாளை டம்ளரில் சுற்றிச் செய்த குழல்கள், தயிர்க் கப்புகள். மண்ணுக்குத் தோட்டத்துச் செம்மண்ணைச் சலித்துப் போட்டேன். தக்காளிக்கு விதைக்கடையில் வாங்கிய பிகேஎம் 1 ரகம், அதில் 40 விதை. கத்தரியில் முடிச்சிலிருந்து 20. மிளகாய்க்குச் சமையலறை டப்பாவிலிருந்த வரமிளகாயைப் பிரித்து 20 விதை எடுத்தேன்.

ஐந்தாம் நாள் தக்காளி தலை தூக்கியது. எட்டாம் நாளுக்குள் 34 வந்துவிட்டன. கத்தரி எட்டாம் நாள் தொடங்கி 13 வந்தது. மிளகாய் பன்னிரண்டாம் நாள் மூன்றே மூன்று. கடை வரமிளகாய் எத்தனை நாள் எந்தச் சூட்டில் காய்ந்தது, எத்தனை மாதம் மூட்டையில் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. விதைக்கென்று எடுத்த மிளகாய் வேறு, குழம்புக்கு வந்த மிளகாய் வேறு என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

மிளகாயைவிடப் பெரிய வருத்தம் தக்காளியிலும் கத்தரியிலும் காத்திருந்தது. பத்தாம் நாள் பார்த்தால் ஒவ்வொரு தண்டும் விரல் நீளத்துக்கு வெளுத்து, கண்ணாடிப் பக்கம் சாய்ந்து நின்றது. முளையில் முதலில் விரியும் விதையிலை இரண்டும் உச்சியில் சின்னதாக, நூலில் கட்டிய பொட்டு மாதிரி. உரம் போதவில்லையோ என்று மண்புழு உரம் கரைத்து ஊற்றினேன். தண்ணீர் போதவில்லையோ என்று இன்னும் ஊற்றினேன். பதின்மூன்றாம் நாள் காலையில் பாதி நாற்று மண்மட்டத்தில் கழுத்து சுருங்கிப் படுத்துக் கிடந்தது. பதினாறாம் நாள் மிச்சம் 9 தக்காளி. கத்தரி ஒன்றுகூட இல்லை.

62-இல் 20 போயிற்று. அன்று நான் அத்தையிடம் சரியாகப் பேசக்கூட இல்லை. அவராகத்தான் வந்து சன்னலருகே நின்றார்.

"ஏம்மா, ஆனி மாசத்துல தெக்குச் சன்னல்ல எங்கருந்து வெயில் வரும்? இந்த மாசத்துல நான் வத்தல் காயப் போடறது எந்தப் பக்கம்னு பாத்திருக்கியா?"

"வாசப் பக்கம் அத்தை."

"அப்ப நாத்துக்கு மட்டும் சூரியன் வீட்டச் சுத்திக்கிட்டு வருமா கண்ணு?"

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். பாலக்கோடு பூமத்திய ரேகைக்கு ஏறக்குறைய 12 டிகிரி வடக்கே இருக்கிறது. ஜூன் 21-ஐ ஒட்டிச் சூரியன் 23 டிகிரிக்கும் மேல் வடக்கே போய்விடுகிறது. ஏப்ரல் 20-ஐ ஒட்டிய நாள் தொடங்கி ஆகஸ்ட் 20 வாக்கு வரை, காலையில் எழுவதிலிருந்து மாலையில் விழுவது வரை, நம் தலைக்கு வடக்கேதான் அது நகர்கிறது. உச்சியில் கூடத் தெற்கே இறங்குவதில்லை. அந்த நான்கு மாதமும் எங்கள் தெற்குச் சன்னலில் நேர்வெயில் ஒரு கீற்றும் விழாது. நம் கண்ணுக்கு அந்த இடம் வெளிச்சமாகத்தான் தெரியும். நாற்றுக்கு அது இருட்டு. வெளிச்சம் தேடித் தண்டை நீட்டுகிறது, இருக்கிற சத்தையெல்லாம் நீளத்துக்கே செலவழிக்கிறது, நிற்கப் பலம் இல்லாமல் விழுகிறது.

தெற்குச் சன்னல் என்ற அறிவுரை தவறில்லை. உச்சி நேரச் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கு வானத்தில் நிற்கிற குளிர்நாட்டுக்கு அது சரி. அங்கே விதையை வீட்டுக்குள் முளைக்க வைக்கிற காரணமும் வேறு. வெளியே பனி உறைந்து கிடக்கும், அது விலகுவதற்குள் நாற்று தயாராக வேண்டும். நமக்கு வெளியே குளிர் இல்லை. நமக்குப் பகை உச்சிவெயில், திடீர் மழை, எறும்பு, அணில், கோழி. வீட்டுக்குள் வைப்பது இவற்றிடமிருந்து விதையைக் காக்கத்தான். விதை மண்ணுக்குள் இருக்கிற ஐந்தாறு நாள் அந்தக் காவல் போதும். தலை தூக்கியபின் அதே காவல் சிறையாகிவிடுகிறது.

மிஞ்சிய 9 தக்காளியில் 6-ஐக் காப்பாற்ற முடிந்தது. தக்காளித் தண்டை எங்கே மண்ணில் புதைத்தாலும் அங்கே வேர் விடும். நீண்ட நாற்றை விதையிலை வரை ஆழமாகப் புதைத்துத் திண்ணைக்குக் கொண்டுபோனேன். ஒரு வாரத்தில் நிமிர்ந்தது. கத்தரிக்கும் மிளகாய்க்கும் இந்த வித்தை அவ்வளவாகப் பலிப்பதில்லை. அதனால்தான் அவற்றை முதலிலிருந்தே குட்டையாக வளர்க்க வேண்டியிருக்கிறது.

இரண்டாம் முயற்சி: ஆடி 1

ஜூலை 17, ஆடி பிறந்த நாள். ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். நான் நாற்றைக் கையில் வைத்திருக்க வேண்டிய நாளில் விதையோடு நின்றேன். பரவாயில்லை என்று அத்தை சொன்னார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்: முளைப்பைச் சோதிக்காமல் இனி ஒரு விதையும் மண்ணுக்குப் போகக் கூடாது.

ராகியை முளைகட்டுகிற அதே துணிதான். பத்து கத்தரி விதையை ஒரு நாள் இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் பரப்பி மடித்து, மூடியில் ஓட்டை போட்ட டப்பாவில் அடுப்பு மேடையின் ஓரத்தில் வைத்தார். தினமும் ஒருமுறை திறந்து காற்றுக் காட்டினார். ஆறாம் நாள் 7 விதையில் வெள்ளை முனை தெரிந்தது. பத்துக்கு ஏழு. முளைத்த ஏழையும் வீணாக்கவில்லை. வேர் அரிசி நீளம் வருவதற்குள் ஈர்க்குச்சியின் நுனியால் தூக்கி ஆளுக்கொரு கொட்டாங்குச்சியில் வைத்தோம். குறைந்த விதை வைத்திருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. முளைக்காத விதைக்காக மண்ணும் இடமும் பொறுமையும் செலவாவதில்லை.

மண்ணையும் மாற்றினேன். செம்மண் மட்டும் போட்டபோது தண்ணீர் ஊற்றி ஊற்றி மேலே ஓடு கட்டிவிட்டது, அதை உடைத்துக்கொண்டு வரவே முளை திணறியது. இம்முறை ஒரு கிலோ தென்னை நார்க்கட்டி வாங்கினேன். ஊறினால் பன்னிரண்டு பதிமூன்று லிட்டர் வரும், ஒரு வீட்டுக்கு அது இரண்டு பட்டத்துக்குக் காணும். நார்த்தூளில் உப்பு இருக்கும் என்பதால் மூன்று தண்ணீர் ஊற்றிப் பிழிந்தேன். இரண்டு பங்கு நார்த்தூள், ஒரு பங்கு சலித்த மண்புழு உரம், கையளவு மணல். விதை நேர்த்திக்கு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ், அழுகல் நோயைத் தடுக்கும் பாக்டீரியாப் பொடி. எங்கள் விதைக்கு ஒரு சிட்டிகைகூட அதிகம், ஈர விதையில் தூவிப் புரட்டினேன். கட்டி, மண்புழு உரம், சூடோமோனாஸ், விதை எல்லாம் சேர்த்து 220 ரூபாய் ஆனது. மற்றதெல்லாம் குப்பைக்குப் போக இருந்தவை.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் மாவட்டத்து ஆழ்துளைக் கிணறுகளில் புளோரைடு கூடுதல் என்பதும், அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது என்பதும் ஊரறிந்தவை. எங்கள் தெருவின் கிணற்றுத் தண்ணீர் உப்பும் சேர்ந்தது. முதல் முயற்சியில் முட்டை அட்டையின் ஓரமெல்லாம் வெள்ளை படிந்திருந்தது. சின்னக் குடுவையில் தண்ணீர் ஆவியாகிப் போக உப்பு மட்டும் தங்கிக்கொண்டே வரும். நாற்றுக்கு நாளைக்கு வேண்டியது ஒரு சொம்புத் தண்ணீர். அதைக் குடிதண்ணீரிலிருந்தே எடுத்தேன், ஆடியில் தூறினால் வாளி வைத்துப் பிடித்தேன். வெள்ளை படிவது நின்றது.

இப்போது சன்னலையும் திண்ணையையும் ஒப்பிட்ட சோதனை. தக்காளியில் 24 விதை, எல்லாவற்றையும் கூடத்து மூலையில் ஒரே இடத்தில் முளைக்க வைத்தேன். தலை தூக்கிய அன்றே பன்னிரண்டைத் தெற்குச் சன்னலுக்கும் பன்னிரண்டை வடக்குத் திண்ணை விளிம்புக்கும் பிரித்தேன். மண் ஒன்று, தண்ணீர் ஒன்று, கை ஒன்று. இடம் மட்டும் வேறு. கத்தரியை இந்தச் சோதனைக்கு உட்படுத்த மனம் வரவில்லை. அது மொத்தமும் திண்ணைக்கே போயிற்று.

இருபதாம் நாள், ஆகஸ்ட் 6 அன்று, அளவுகோல் வைத்துப் பார்த்தேன். மண்ணிலிருந்து விதையிலை வரை தண்டு சன்னலில் 8 சென்டிமீட்டர், திண்ணையில் இரண்டரை. சன்னலில் உயிரோடு நின்றது 3. திண்ணையில் 11, எல்லாம் நாலு இலையோடு, தண்டின் அடி ஊதா ஓடி.

திண்ணை ஏன் இவ்வளவு பொருந்தியது என்று யோசித்தால், அதை யாரோ நாற்றுக்கென்றே கட்டியதுபோல் இருக்கிறது. ஆடியில் சூரியன் வடகிழக்கில் எழுந்து வடமேற்கில் விழுகிறது. காலையிலும் மாலையிலும் சாய்ந்த வெயில் திண்ணைக்குள் நேராக வருகிறது. உச்சி நேரத்தில் அது தலைக்கு மேலேயே நிற்பதால் தளத்தின் நீட்டல் அதை மறைத்துவிடுகிறது. இளநாற்று கேட்பது அதுதான். கூடவே ஆடிக்காற்று. அம்மியையே பறக்கவிடும் காற்று என்று பயந்து முதலில் மறைப்பு வைத்தேன், பிறகு எடுத்துவிட்டேன். காற்றில் ஆடிய தண்டு குட்டையாகவும் தடிப்பாகவும் வளர்கிறது. திண்ணை இல்லாத மாடிவீட்டுக்காரர்கள் நாற்றின் தலையை நாளுக்கு நாலைந்து முறை உள்ளங்கையால் மெல்லத் தடவிக்கொடுத்தாலே அதில் ஒரு பங்கு கிடைக்கும்.

இனிப்புப் பெட்டியில் நடந்தது

இரண்டாம் முயற்சியில் எல்லாம் சரியாகப் போகவில்லை. கத்தரியில் 24 விதையை இரண்டாகப் பிரித்து, 12 கொட்டாங்குச்சியிலும், 12 ஒளி ஊடுருவும் மூடி போட்ட இனிப்புப் பெட்டியிலும் விதைத்தேன். மூடியிருந்தால் ஈரம் காயாது, முளை சீராக வரும். வந்தது, எட்டாம் நாளுக்குள் 9. அன்று கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாணம். மூடியைத் திறந்துவிட்டுப் போக வேண்டும் என்று நினைத்தேன், காய்ந்துவிடுமே என்று திறக்காமல் போனேன். மூன்று நாள் கழித்து வந்தபோது மூடியின் உட்புறம் வியர்த்து ஒழுகிக்கொண்டிருந்தது, உள்ளே 8 நாற்று கழுத்தழுகிக் கிடந்தது.

நாற்றழுகல். பித்தியம் போன்ற நோய்க்கிருமிகள் ஈரமும் நெருக்கமும் காற்றில்லாமையும் சேர்ந்த இடத்தில் தண்டின் அடியைப் பிடிக்கும். பிடித்தபின் மருந்து தேடிப் பயனில்லை. பக்கத்து நாற்றைப் பிரித்துக் காற்றில் வைப்பதே வழி. முதல் முளை மண்ணைக் கிழித்த அன்றே மூடியை எடுத்துவிட வேண்டும், எல்லாம் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தண்ணீரையும் மேலிருந்து ஊற்றாமல், தாம்பாளத்தில் ஒரு விரல் ஆழம் நிரப்பிக் குடுவைகளை அதில் வைத்து, மேல்மண் கறுத்ததும் எடுத்துவிட வேண்டும். அதற்கு அடியில் ஓட்டை வேண்டும். முதல் முயற்சியில் என் தயிர்க் கப்புகளில் ஓட்டையே போடவில்லை என்பதை இங்கே எழுதிவிடுகிறேன். வெளிச்சம் இல்லாமல் பாதி, நான் ஊற்றிய தண்ணீரில் மீதி.

குடுவைகள் பற்றி என் தீர்ப்பு இது. எதில் விதைக்கிறோம் என்பது நாம் நினைக்கிற அளவுக்கு முக்கியமில்லை. ஆழமும் ஓட்டையும் இருந்தால் போதும். முட்டை அட்டை இரண்டு வாரத்துக்குத்தான் தாங்கும், ஆழமும் குறைவு, அட்டையே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். செய்தித்தாள் குழல் 25 நாளில் நடுகிற தக்காளிக்குப் போதும், அப்படியே மண்ணில் புதைக்கலாம். வெளிப்புறம் வெள்ளைப் பூஞ்சை படர்ந்தால் பயப்பட வேண்டாம், அது தின்பது தாளை. காகித டீக் கப்பின் உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் அது மக்காது, கிழித்து எடுத்துவிட்டே நட வேண்டும்.

எனக்குப் பிடித்தவை இரண்டு. ஒன்று கொட்டாங்குச்சி. கண் இருக்கிற பாதியை எடுத்தால் ஓட்டை போடவே வேண்டாம், மூன்று கண்ணில் மெல்லியது ஒன்று ஆணி பட்டாலே திறந்துவிடும். இன்னொன்று அரை லிட்டர் பால் கவர். ஒரு பக்கம் வெட்டிக் கழுவி, அடியில் ஊசியால் ஏழெட்டுக் குத்து, வாயை வெளியே மடித்தால் நிமிர்ந்து நிற்கும். மிளகாய் நாற்று 40, 45 நாள் குடுவையிலேயே இருக்கும். அதன் வேர் இறங்க ஆழம் வேண்டும், பால் கவரில்தான் அது கிடைத்தது.

எறும்புக்குத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி நடுவில் டம்ளரைக் கவிழ்த்து அதன்மேல் தட்டை வைத்தோம். விதைத்த அன்றிரவே செவ்வெறும்பு விதையைத் தூக்கிக்கொண்டு போவதை அத்தை வயலில் பார்த்தவர்.

மூன்றாம் முயற்சி: டிசம்பர் 5

ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. கோளாறு சன்னலிலா, மாதத்திலா? கார்த்திகையில் தைப்பட்டத்துக்கென்று தக்காளியும், இம்முறை விதைக்கடையிலேயே வாங்கிய மிளகாயும் விதைத்து, முளைத்தவற்றை அதே தெற்குச் சன்னலில் வைத்தேன். டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்து, உச்சியிலும் தலைக்கு நேரிலிருந்து 35 டிகிரி கீழே நிற்கிறது. சன்னலுக்கு மேலே ஒன்றரை அடி சன்ஷேடு இருந்தும் கீழ்ப்பாதி முழுக்க வெயில். ஆனியில் நாற்று செத்த அதே மேடையில் நாற்று குட்டையாக, கரும்பச்சையாக நின்றது. இம்முறை வெயில் எட்டாமல் இருட்டிக் கிடந்தது வடக்குத் திண்ணை.

மார்கழிக் குளிரில் மிளகாய் மட்டும் முரண்டு பிடித்தது. கூடத்தில் வைத்தது பதினாறாம் நாள் வந்தது. அடுப்பு மேடையோரம் வைத்தது பத்தாம் நாளே வந்தது. முளைப்புக்கு வேண்டியது சூடு, வெளிச்சம் இல்லை. இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

சன்னலே சரியில்லாத வீட்டில் என்ன செய்வது என்று எதிர்வீட்டு அக்கா கேட்டதால் 9 வாட் எல்இடி பல்பு ஒன்றையும் சோதித்தோம். நாற்றின் தலைக்கு நாலு விரல் மேலே தொங்கவிட்டு நாளுக்கு 14 மணி நேரம். நாற்று நன்றாகவே வந்தது. 25 நாளுக்கு மூன்று யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகும். ஒரு முழம் உயரத்தில் பல்பைத் தொங்கவிட்டபோது நாற்று பழையபடி நெடுநெடுவென்று நீண்டது. பல்பின் வெளிச்சம் தூரத்தில் எவ்வளவு சீக்கிரம் நீர்த்துப்போகிறது என்பதைக் கண் காட்டுவதில்லை, நாற்று காட்டுகிறது.

கத்தரி

திண்ணையில் 16 முள்ளுக்கத்தரி நின்றது: துணியில் முளைத்த ஏழு, கொட்டாங்குச்சியில் எட்டு, இனிப்புப் பெட்டியில் பிழைத்த ஒன்று. நடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து தண்ணீரைக் குறைத்து, நாளுக்கொரு மணி நேரம் கூட்டிக் கூட்டி முழு வெயிலில் வைத்தோம். மூன்றை அணில் கடித்தது, இரண்டை ஆடு மேய்ந்தது. ஆவணிக் கடைசியில் 11 செடி பின்கட்டில் நின்றது. கார்த்திகை தொடங்கும்போதே காய் பறித்துக் குழம்பு வைத்தோம்; ராகிக்களிக்கு அந்தக் குழம்பு.

காய்ப்பில் முந்தி நின்ற இரண்டு செடியில் செடிக்கு ஒரு காயைப் பறிக்காமல் விட்டோம். கத்தரி பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும் என்றாலும் தேனீ கொஞ்சம் கலந்துவிடும். அதனால் வேறு கத்தரி எதையும் பின்கட்டில் வைக்கவில்லை. தையில் அந்தக் காய்கள் மஞ்சளாகிப் பழுத்து மெத்தென்று ஆயின. அத்தை அறுத்து, தண்ணீரில் கசக்கி, மிதந்ததைக் கொட்டி, அடியில் தங்கியதை எடுத்து நிழலில் உலர்த்தி, விறகுச் சாம்பலில் புரட்டினார்.

பழைய முடிச்சில் 8 விதை மிச்சமிருந்தது. புது விதையை எண்ண உட்கார்ந்தேன். முந்நூறைத் தாண்டியதும் அத்தை என் கையைப் பிடித்துத் தடுத்து, எதிர்வீட்டு அக்காவுக்கு ஒரு பங்கு தனியே எடுத்து வைக்கச் சொன்னார்.